தாமிரபரணிப் படுகைப் பேச்சு வழக்கில் ஓசையும் ஏச்சும்: ஆழ்வார்திருநகரி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வட்டார வழக்கு ஆய்வுகளில் வசைச்சொற்கள் சொற்பட்டியலாகவே பெரிதும் தொகுக்கப்படுகின்றன. நெல்லைத் தமிழில் ஒரு கூற்று வசையாவதும் வாஞ்சையாவதும் சொல்லின் பொருளைக் காட்டிலும் விளியின் வகை, உயிரின் அளபு, குரலின் ஏற்ற இறக்கம், கேட்போர் எவர் என்பவற்றைச் சார்ந்துள்ளன. இதனைத் தாமிரபரணியின் கீழ்ப்படுகை வழக்கைக் கொண்டும், இலக்கண நூல்களின் கருத்துகளைக் கொண்டும், ஃபின்னிய மொழியின் வசைமரபோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெல்லை வழக்கு, வசவு, ஏசல், விளி, அளபு, இடக்கரடக்கல், மூதேவி, சாதியிழிவு.

முன்னுரை

திருக்குருகூர் என்னும் பழம்பெயருடைய ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஊர். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நிருவாகத்தால் திருநெல்வேலியிலிருந்து விலகிற்று, பேச்சால் விலகவில்லை. நம்மாழ்வாரின் பிறப்பிடமாகவும், அரையர் சேவை இன்றும் நிகழும் திருத்தலங்களுள் ஒன்றாகவும் இவ்வூர் ஆய்வாளர்க்கு அறிமுகமானது. வசைச்சொல் ஆய்வுக்கு இவ்வூரை முன்னிறுத்துவது முதற்பார்வையில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எனினும் ‘வசவு’ என்னும் சொல்லை இலக்கியத்தில் ஏற்றியவர்களுள் குருகூர்ச் சடகோபரும் ஒருவர். திருவாய்மொழியின் ஏழாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரம் சிசுபாலன் கண்ணனை வைததையும், வைதவனே அவன் திருவடியை அடைந்ததையும் பேசுகிறது. அங்கே வசவுகளுக்குத் தரப்படும் அடை கருதத்தக்கது. வையப்பட்டவனின் உள்ளத்தை அவை சுட்டதாகப் பாசுரம் கூறவில்லை. கேட்பவரின் செவியைச் சுடுபவை என்றே கூறுகிறது. வைபவன், வையப்படுபவன் என்னும் இருவரோடு கேட்பவன் என்னும் மூன்றாமவனையும் வசைநிகழ்வின் உறுப்பாக அது கொள்கிறது. சுடுவதற்கு இடம் செவி என்றமையால் வசவு ஓர் ஓசைநிகழ்வு என்பதும் பெறப்படும்.

இவ்விரண்டு குறிப்புகளும் இன்றைய ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) திருநெல்வேலி வழக்கு எனத் தனிக்குறி இட்டுப் பல சொற்களைப் பதிவு செய்தது. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) வட்டார அகராதிகளுக்கு வழிகாட்டிற்று. இவற்றின் பயன் பெரிது. ஆயினும் அகராதி சொல்லுக்குப் பொருள் தரும் கருவி. ‘ஏல’ என்பதற்கு ‘ஆண்பாலை அழைக்கும் விளிச்சொல்’ எனப் பொருள் எழுதிவிட்டு அது நின்றுவிடும். அதே ‘ஏல’ ஒருவனை அருகில் இழுத்து அமர்த்துவதும், மற்றொருவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துவதும் அகராதிக்கு அப்பாற்பட்ட செய்திகள்.

இலக்கண நூலார் கண்ட வசை

தமிழிலக்கண மரபு வசையை ஒதுக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எழுநிலத்து எழுந்த செய்யுள்களுள் ஒன்றாக அங்கதத்தை வைத்து, அதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்கும். வெளிப்படையாக வைவது முன்னது. மறைத்து வைவது பின்னது. வியங்கோளின் பொருள்களை எண்ணும் உரையாசிரியர்கள் வாழ்த்தலோடு வைதலையும் சேர்த்தே எண்ணினர். வாழ்த்துக்கும் வசைக்கும் ஒரே வினைவடிவம் போதும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அவையில் கூறத்தகாத சொற்களை மறைத்துக் கூறுக என எச்சவியல் விதிக்கிறது. நன்னூலார் அதனை இடக்கரடக்கல் எனத் தகுதி வழக்கினுள் அடக்கினார். ஆனால் தொல்காப்பியர் அவ்விதியை அடுத்து ஒரு விலக்கையும் தருகிறார். நெடுங்காலம் வழங்கி மருவிய சொல்லாயின் மறைக்க வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. இவ்விலக்கு நெல்லை வழக்கிற்கு மிகவும் வேண்டப்படுவது. பிற வட்டாரத்தார் கேட்டு முகஞ்சுளிக்கும் சொற்கள் பல இங்கு மருவியவை. பேசுவோர் அவற்றை வசையெனவே உணர்வதில்லை.

உடலுறுப்பையும் உடலுறவையும் சுட்டும் வசைகள் தமிழகம் முழுமைக்கும் பொதுவானவை. எதிரியை இழிவுபடுத்த அவன் தாயையும் தமக்கையையும் இழுக்கும் அவ்வகையில் நெல்லைக்கெனத் தனித்தன்மை மிகுதியாக இல்லை. ஆதலின் அவை இங்கு விரிக்கப்படவில்லை.

படுகையின் ஓசை

1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) திராவிட மொழிகளைச் ‘சித்தியக்’ குடும்பத்தோடு இணைத்து, அவற்றுள்ளும் ஃபின்னிய மொழியை உள்ளிட்ட கிளையோடு நெருக்கம் கண்டார். நெல்லைச் சீமையின் தேரிமணலில் இருந்துகொண்டு பனிநாட்டு மொழியை உறவாக்கிய அக்கொள்கையை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் ஓசை பற்றிய சில செய்திகள் தெளிவாகின்றன; உறவு வேண்டுவதில்லை, ஒப்புமை போதும்.

ஃபின்னிய மொழியில் அளபு பொருளை மாற்றும். துலி எனின் நெருப்பு. தூலி எனின் காற்று. துல்லி எனின் சுங்கம். தமிழில் படம், பாடம், பட்டம் என்பவற்றை உணரும் செவிக்கு இதில் வியப்பில்லை. அம்மொழியில் அழுத்தம் எப்போதும் முதலசையில் விழும். ரகரம் நாநுனி அதிர ஒலிக்கும். அம்மொழி வசைகள் வன்மையாகக் கேட்பதற்கு இவையே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. நெல்லை வழக்கின் ஏச்சுகளிலும் ஏல, மூதி, பேதி என முதலசை நெடிலாய் அமைந்தவை பல. இதைக் கொண்டு அவ்வோசையே கடுமையைத் தருகிறது என முடிவுகட்டுவது எளிது; ஆனால் பிழை. ஆதி, சோதி, நீதி என்பனவும் அதே அசையமைப்பு உடையவையே. அவற்றில் எவ்வசவும் இல்லை. ஒலியன்களின் கூட்டத்தில் வசை உறைவதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டாலன்றி மேற்செல்ல இயலாது.

எனின் வசை உறைவது எங்கே? எழுத்துகளின் ஒலிவேறுபாட்டுக்கு எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் முயற்சிகளைக் காரணமாக்குவார் நன்னூலார். விளிமரபில் தொல்காப்பியர், சேய்மையில் உள்ளாரை அழைக்குங்கால் பெயர்கள் தத்தம் மாத்திரையைக் கடந்து இசைக்கும் என்றார். விளி, பண்டமாற்று, இசை முதலிய இடங்களில் உயிரும் ஒற்றும் அளவிறந்து ஒலிக்கும் என நன்னூலும் கூறும். சேய்மை என்பது நிலத்தின் தொலைவாகவே இவ்விடத்துக் கொள்ளப்படுகிறது. நெல்லை வழக்கில் அது உறவின் தொலைவாகவும் விரிகிறது. வயலின் அக்கரையில் நிற்கும் நண்பனை ‘எலேஏய்’ என நீட்டி அழைப்பதும், எதிரே நிற்பவனையே அவ்வாறு நீட்டி அழைப்பதும் வேறுவேறு. பின்னதில் மூச்சளவில் நிற்பவன் ஒரு காதம் தள்ளி நிறுத்தப்படுகிறான். அதுவே அச்சுறுத்தல்.

இப்படுகையின் ஒலிப்பியல்புகளுள் ஏச்சோடு தொடர்புடைய சிலவற்றையே இங்குச் சுட்டலாம். ழகரம் ளகரமாதல் தென்மாவட்டங்களில் பரவலானது. இழவு ‘எளவு’ ஆகிறது. செய்தான் செஞ்சான் எனவும் பெய்தது பேஞ்சது எனவும் ஆவது போல, வைதான் என்பது ‘வைஞ்சான்’ ஆகும். நிகழ்கால இடைநிலை தகரமாய் நிற்றலின் ‘சொல்லுதான்’, ‘ஏசுதான்’ என்பன சொல்கிறான், ஏசுகிறான் எனப் பொருள்படும். ‘அவன் என்ன செய்தான்?’ என்னும் வினா இங்கு நிகழ்காலத்தது. வெளிமாவட்டத்திலிருந்து பணிக்கு வந்த ஒருவர், ‘அவன் ஏசுதான்’ என்னும் முறையீட்டை முடிந்துபோன செய்தியாகக் கேட்டு வைப்பதற்கு இடமுண்டு. சொல்பவரோ வாசலில் ஏச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று பதறுகிறார்.

விளியின் படிநிலை

நெல்லை ஏச்சின் அச்சாணி விளிச்சொல். ஏல, எலே, எலேய் என்பன ஆண்பாற்கும் ‘ஏட்டி’ பெண்பாற்கும் உரியவை. ‘ஏடி’ என்பதன் ஒற்று இரட்டித்த வடிவமாகப் பின்னதைக் கொள்ளலாம். இரட்டித்தலே அதற்கு ஒரு கூர்மையைத் தருகிறது. ‘ஏல’ என்பதனைப் பழைய ‘எல்ல’, ‘எல்லா’ என்னும் விளிகளோடு தொடர்புபடுத்துவது பொருந்தும். பொருளியல், உரிமை பற்றி இருபாலாரையும் அழைக்கும் பொதுச்சொல் ஒன்றுண்டு என்கிறது. அதற்கு ‘எல்லா’ என்பதையே உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். திருப்பாவையின் பதினைந்தாம் பாசுரம் ‘எல்லே’ எனத் தொடங்குவதையும் இங்கு நினைவுகூரலாம். ஆண்டாளின் தோழி உறங்கும் மற்றொருத்தியை எழுப்பும் குரல் அது. கெழுதகைமை, அதாவது நெருங்கிய உரிமை, இச்சொல்லின் பழம்பொருள் என்பது தெளிவு.

இதற்கு மேற்படியில் ‘வே’, ‘ஓய்’ என்பன நிற்கின்றன. இவை ‘நீர்’, ‘உமக்கு’ என்னும் முன்னிலையோடும் ‘சொல்லும்’, ‘வாரும்’ என்னும் ஏவலோடும் வருபவை. சமநிலையில் உள்ள ஆடவர், ஓரளவு மதிப்பும் ஓரளவு கேலியும் கலந்து பேசும் தளம் இது. அதற்கும் மேலே ‘அண்ணாச்சி’, ‘நீங்க’. படர்க்கையில் ‘வந்தாவ’, ‘சொன்னாவ’ என்னும் உயர்வுப் பன்மை.

இனி இரு கூற்றுகளை ஒப்பிடலாம். ‘உமக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா வே?’ என்பது ஒன்று. கோட்டி என்பது பித்து. எதிரிலிருப்பவரைப் பித்தர் எனக் கூறும் இக்கூற்றின் சொற்பொருள் வசை; ஆனால் ‘உமக்கு’, ‘வே’ என்பன அதனைத் தோளில் தட்டும் உரையாடலாக மாற்றிவிடுகின்றன. கேட்டவர் சிரிப்பார். ‘ஏல, அங்க என்ன நிக்க?’ என்பது மற்றொன்று. இதில் இழிசொல் எதுவுமில்லை; சொற்பொருள் ‘அங்கு ஏன் நிற்கிறாய்’ என்பதே. இதனைத் தந்தை மகனிடம் கூறின் அன்றாடப் பேச்சு. அறுபது வயது உழைப்பாளி ஒருவரை நோக்கி நிலமுடைய வீட்டுப் பதினைந்து வயதுச் சிறுவன் கூறின் அதைக்காட்டிலும் கடிய வசை வேறில்லை. வசைச்சொல் இன்றி வசை உண்டு. வசைச்சொல் இருந்தும் வசை இல்லை. சொற்பட்டியல் முறை தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

சாவும் நோயும் தவ்வையும்

பொருளடிப்படையில் நோக்கின், நெல்லை வழக்கின் ஏச்சுகளில் பெரும்பகுதி சாவையும் நோயையும் வேண்டுபவை. பேதியில போவான், கொள்ளையில போவான், கட்டையில போவான், கரிமுடிவான் என்பன நன்கு வழங்குபவை. கொள்ளை என்பது இங்குத் திருட்டன்று, கொள்ளைநோய். பேதி என்பது வாந்திபேதி. ஊர்களைக் காலியாக்கிய காலராவின் நினைவு, நோய் அடங்கிய பின்னும் வாய்களில் தங்கியிருக்கிறது. இன்று அச்சொல்லைக் கூறுவோருக்கு நோயும் தெரியாது, அஞ்சுவதற்குக் காரணமும் தெரியாது. ‘கட்டை’ ஈமவிறகு என்பதையும் பலர் எண்ணுவதில்லை.

இவற்றின் இலக்கண வடிவம் நுட்பமானது. ஏச்சாயின் ‘போக’, ‘கெடுக’ என வியங்கோளில் வந்திருக்க வேண்டும். ‘போவான்’ என்பதோ எதிர்கால வினையாலணையும் பெயர். ‘நீ பேதியில் போகக் கடவாய்’ என வேண்டுவதை விடுத்து, ‘பேதியில் போகப்போகின்றவன்’ எனப் பெயரே சூட்டிவிடுகிறது இவ்வழக்கு. சாபத்தில் ஐயமுண்டு, பெயரில் ஐயமில்லை. மேலும் அது படர்க்கை வடிவம். எதிரே நிற்பவனிடமே ‘பேதியில போவான், எங்க சுத்திட்டு வாரான் பாரு’ எனப் படர்க்கையில் பேசுவது இயல்பு. முன்னிலையானை விட்டு மூன்றாமவரை நோக்கித் திரும்பும் இப்பேச்சில் கேட்போர் இன்றியமையாதவர் ஆகின்றனர்.

இத்தொடரை மிகுதியாக வழங்குவோர் ஆச்சிமார். வெயிலில் அலைந்து திரும்பிய பேரனுக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டே கூறும் ‘பேதியில போவான்’ முழுவதும் வாஞ்சை. இதனைக் கண்ணேறு கழிக்கும் எண்ணத்தின் எச்சமாகக் கருத இடமுண்டு. பிள்ளை தங்காத வீட்டில் பிச்சை, குப்பை எனப் பெயரிட்டுச் சாவை ஏமாற்றும் வழக்கம் தமிழரிடையே அறியப்பட்டதே. சாகப்போகிறவன் என முன்னரே பெயர் சூட்டப்பட்டவனைத் தேடிச் சாவு வருவானேன்? குரல் தாழ்ந்து, ‘போவான்’ என்பதன் ஈற்றுயிர் சற்றே குழைந்து வரின் அது வாஞ்சை; முதலசையை எடுத்து ஈற்றைக் குறுக்கின் ஏச்சு. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

எளவு, சவம், சனியன் என்பன வேறொரு வகை. ‘அந்தச் சவத்தத் தூக்கிப் போடு’ எனப் பழுதான குடையைச் சுட்டலாம். ‘எளவு, மறந்துபோச்சு’ எனத் தன்னையே நொந்துகொள்ளலாம். எதிராளி இல்லாமலும் வருபவை இவை. நவதிருப்பதிகளுள் சனிக்கு உரியதாகக் கொள்ளப்படும் பெருங்குளத்துக்கு வழிபடப் புறப்பட்ட வாய், வராத பேருந்தை ‘சனியன்’ என வைவதில் முரண்பாடு எதையும் உணர்வதில்லை.

ஃபின்னிய வசைமரபில் இவ்வகையே முதன்மையானது. அங்கு வசைச்சொல் பெரும்பாலும் ஆளை நோக்குவதன்று; கால் இடறினால், கருவி பழுதானால், குளிர் மிகுந்தால் வெளிப்படும் மூச்சு. அவற்றுள் புகழ்பெற்ற ‘பெர்கெலெ’ என்பதன் வரலாறு தமிழாய்வாளர்க்கு ஆர்வமூட்டுவது. லித்துவேனியரின் இடித்தெய்வமான பெர்கூனாசோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவர் சொற்பிறப்பாளர். கிறித்தவம் வேரூன்றியபின் அது அலகையின் பெயராயிற்று, பின்னர் வசையாயிற்று. ‘யுமலௌதா’ என்னும் மற்றொரு வசை, ‘கடவுளே, உதவுக’ எனப் பொருள்படும் தொடரின் மரூஉ. வேண்டுதலே அங்கு வசையாகிவிட்டது.

நெல்லையின் ‘மூதி’ இதே வழியில் வந்தது. செத்த மூதி, சவத்து மூதி என அடைபெற்றும் தனித்தும் வரும் இச்சொல் மூதேவி என்பதன் குறுக்கம். மூதேவி ஒரு காலத்தில் வழிபடப்பட்டவள். தவ்வை, முகடி, சேட்டை என்னும் பெயர்களும், காக்கைக் கொடியும் கழுதை ஊர்தியும் அவளுக்கு உரியன. திருக்குறள் 167ஆம் குறளில் தவ்வை எனவும் 617ஆம் குறளில் முகடி எனவும் அவளைச் சுட்டும். அங்கேயே அவள் பொறாமைக்கும் மடிக்கும் உரியவளாகிவிட்டாள். எனினும் வழிபாடு நின்றுவிடவில்லை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் படைத்தலைவன் சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி, திருப்பரங்குன்றத்தில் கொற்றவைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததைக் கி.பி. 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. செல்வம் வேண்டிச் சேட்டையை நம்பியிருப்போரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் இடித்துரைக்கிறார். இடித்துரைக்க வேண்டிய அளவுக்கு அவளுக்கு அடியார் இருந்தனர் என்பது அதனால் விளங்கும். ஃபின்னியர்க்குப் புறச்சமயத்தின் வருகை செய்ததைத் தமிழகத்தில் சமயத்தின் உள்மாற்றமே செய்தது. கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்டவள் பேச்சில் குடியேறினாள். அங்கு அவள் பெண்பாலைக்கூட இழந்துவிட்டாள். ‘ஏல மூதி’ என ஆணையும் அழைக்கலாம்.

ஏசலும் முக்கூடலும்

வசை எல்லாம் பகையில் பிறப்பதில்லை. மாமன் மகன், மச்சான், கொழுந்தன், மதினி என்னும் கேலிமுறையாரிடையே ஏச்சு உரிமையாகவே கருதப்படுகிறது. ஏசாதிருப்பதே மனத்தாங்கலின் அடையாளம். திருமண வீடுகளில் சம்பந்தியரை ஏசிப் பாடும் வழக்கமும் இருந்தது. இவ்வழக்கே ‘ஏசல்’ என இலக்கியத்துள் புகுந்தது.

அதன் உயர்ந்த எடுத்துக்காட்டு இவ்வாற்றங்கரையிலேயே உள்ளது. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்டது முக்கூடற்பள்ளு. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றின் மேல்போக்கில் உள்ள இடம் அது. மூத்தபள்ளி முக்கூடலைச் சேர்ந்தவள், திருமாலடியாள். இளையபள்ளி மருதூராள், சிவனடியாள். நூலின் பிற்பகுதியில் இருவரும் ஏசிக்கொள்ளும்போது ஒருத்தியின் கடவுளை மற்றவள் இழுக்கிறாள். சடைகட்டி மரவுரி உடுத்தவன் உன் கடவுள் என்கிறாள் ஒருத்தி. இரந்தும் பசி தீராமல் நஞ்சை உண்டவன் உன் கடவுள் என்கிறாள் மற்றவள். அடிதோறும் ‘அல்லோடி’ என்னும் விளியோசை வந்து அறைகிறது. சொல்லப்படுவன யாவும் புராணச் செய்திகள். அவற்றையே வாழ்த்தாகவும் பாடலாம். வசையாக்குவது ஈற்றில் நிற்கும் அந்த ‘டி’ ஒன்றே. செம்பொருள் அங்கதமும் நிந்தாத்துதியும் ஒரே அடியில் பிரிக்க முடியாதபடி கிடக்கின்றன.

இந்நூலின் சுவையைப் போற்றும் ஆய்வுகள் பல. ஆனால் ஏசிக்கொள்வோர் யார், கேட்டுச் சுவைத்தோர் யார் என்பதும் வினவப்பட வேண்டும். நிலத்தில் உழைக்கும் பள்ளர் குடிப் பெண்களின் சண்டையை நிலமுடையோரும் புரவலரும் கேட்டு மகிழ அமைந்தது பள்ளு. இரு பெருஞ்சமயங்களின் பூசலை உயர்ந்தோர் வாயில் வைக்காமல் உழத்தியர் வாயில் வைத்தது வசதியான ஏற்பாடு. பண்ணைக்காரனும் நகையாடப்படுகிறான் என்பது உண்மையே. எனினும் நகைக்கு உரிமம் வழங்கியவர் வேறொருவர். ஆழ்வாரின் பாசுரம் சுட்டிய மூன்றாமவன், அதாவது கேட்பவன், இங்குச் செவிசுடாமல் அமர்ந்து கேட்கிறான். அவ்வாறு அமர முடிவது அவன் நிற்கும் படியைப் பொறுத்தது.

ஏச்சும் சாதியும் சட்டமும்

‘ஏல’ என்பதன் கெழுதகைமை ஒத்தாரிடையே மட்டும் உண்மை. இருபுறமும் வழங்கும்போது அது நட்பு. ஒருபுறம் ‘ஏல’ என்றும் மறுபுறம் ‘ஐயா’, ‘மொதலாளி’ என்றும் வழங்கும்போது அது படிநிலை. இப்படுகையின் வேளாண் ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நெடுங்காலம் இரண்டாம் முறையிலேயே விளிக்கப்பட்டனர். வயது, உறவு, கல்வி ஆகிய அளவுகோல்கள் அனைத்தையும் சாதி கடந்து நின்றது. பட்டம் பெற்றுப் பணியிலிருக்கும் ஒருவர் ஊர்க்கடைத்தெருவில் ‘ஏல’ என விளிக்கப்படும்போது இழப்பது அங்குள்ள அனைவரின் முன்னிலையிலும் இழக்கப்படுகிறது. நெல்லைத் தமிழின் இனிமையைக் கொண்டாடும் எழுத்துகள் ‘ஏல’ என்பதை அதன் அடையாளமாக முன்வைப்பதுண்டு. அக்கொண்டாட்டம் அவ்விளியை எப்போதும் மேலிருந்து கேட்டவர்களுடையது அன்று. ஆனால் கீழிருந்து கேட்டவர்களின் செவியையும் அது கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

சட்டம் இதனை எவ்வாறு காண்கிறது என்பது மொழியாய்வுக்கு அப்பாற்பட்ட வினாவன்று. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவு பொதுவிடத்தில் ஆபாசச் சொல் கூறுதலைக் குற்றமாக்கிற்று; 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296ஆம் பிரிவு. வெறும் வசையும் இழிவுரையும் மட்டும் இப்பிரிவுக்குள் அடங்கா, ஆபாசத்தின் கூறு வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. ஆகவே சட்டம் முதலில் தேடுவது சொல்லையே. நெல்லை ஏச்சுகளின் தனித்தன்மையான பகுதி, அதாவது பேதியும் கட்டையும் மூதியும், ஆபாசத்துக்கு வெளியே நிற்கிறது. ‘ஏல’ என்பதோ இழிசொல் என்னும் எல்லைக்கே வருவதில்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் 1989 இதனினும் நுட்பமானது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன் 3(1)(எஸ்) கூறு சாதிப்பெயர் கூறி வைதலையும், 3(1)(ஆர்) கூறு இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதித்தலையும் தனித்தனியே குற்றமாக்குகின்றன. முன்னதற்குச் சாதிப்பெயர் வேண்டும். அது சொல்லைப் பற்றியது. பின்னதற்குக் குறிப்பிட்ட சொல் வேண்டுவதில்லை, நோக்கமே வேண்டும். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, நிகழ்வு பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது. மூன்றாமவன் இன்றி வசை முழுமையுறாது என்னும் பாசுரத்தின் பார்வையும் சட்டத்தின் பார்வையும் இவ்விடத்தில் அருகருகே வருகின்றன.

ஆனால் நோக்கத்தை மெய்ப்பிப்பது எதனால்? பெரும்பாலும் ஓசையால். அதுவோ எழுத்தில் ஏறுவதில்லை. முறையீடு எழுதப்படும்போது பேச்சு எழுத்துநடைக்கு மாறுகிறது. ‘காது கூசும்படி திட்டினார்’ என்னும் வாய்பாட்டுத் தொடர் நிகழ்ந்த ஓசைக்குப் பதிலாக அமர்கிறது. ‘ஏசுதான்’ என்னும் நிகழ்காலம் இறந்தகாலமாகலாம்; ‘நீர்’, ‘நீ’, ‘வே’, ‘ஏல’ என்னும் வேறுபாடுகள் மறைந்துபோகலாம். மறைவது வழக்கின் சாரமேயாகும்.

களப்பணியில் வட்டார வழக்கைத் தொகுப்போர் ஒவ்வொரு ஏச்சோடும் கூறியவர், கூறப்பட்டவர் ஆகியோரின் வயதையும் சாதியையும் உறவுமுறையையும், இடையிருந்த தொலைவையும், விளியின் அளபையும், சூழ நின்று கேட்டோரையும், கேட்டோருள் எவர் சிரித்தனர் எவர் சிரிக்கவில்லை என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டியிருக்கிறது. ஆழ்வார்திருநகரித் தேரடியில் ஒரு மாலைப்பொழுதில் ஒலிக்கும் ‘ஏல’ என்னும் ஒரு சொல்லுக்கே அத்தகைய குறிப்பு ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும்.